பனிக்காலத்தில் சைக்கிளிலும் நடந்தும் வேலைக்குப் போகிறவர்களுக்கு: ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை தீபம் முடிந்ததும் ஓசூர், தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கமெல்லாம் விடியற்காலை வெள்ளையாகிவிடும். ஆறு மணி ஷிப்டுக்கு சிப்காட் போகிறவர்கள், கம்பெனி பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடக்கிறவர்கள், ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகும் பெண்கள், பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறவர்கள் எல்லாரும் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகள் இவை.

நம்ம ஊரில் ஐஸ் விழுவதில்லையே, பனிக்கு எதற்கு இவ்வளவு பயம்?

ஐஸ் விழாது, சரிதான். ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஓசூரில் மார்கழி, தை மாத விடியற்காலையில் வழக்கமாக 12 முதல் 15 டிகிரி வரை இருக்கும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். ஆனால் தண்ணீர் உறைகிற அளவுக்குப் போகாது. அதனால் வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி ரோட்டில் சறுக்கி விழுவோமோ என்ற பயம் நமக்கு இரண்டாம்பட்சம். நமக்குள்ள ஆபத்து, பின்னால் வருகிறவன் கண்ணுக்கு நாம் தெரியாமல் போவதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் பைக் ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். முன்னால் ஆள் இருப்பது மனதில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்று, ஒன்றரை வினாடி ஆகும். அதிலேயே 20 மீட்டர் போய்விட்டது. ஈர ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 25, 30 மீட்டர் வேண்டும். கெட்டியான பனியில் அவருக்குத் தெரிவதே 30 மீட்டர்தான் என்றால், எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராக இருந்தாலும் நம்மைத் தொடாமல் நிறுத்த முடியாது. அவர் மெதுவாக வர வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் அது நம் கையில் இல்லை. 30 மீட்டரில் தெரிகிற நம்மை 80 மீட்டரில் தெரியும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

கிருஷ்ணகிரியில் கிளம்பும்போது தெளிவாக இருக்கிறது. சூளகிரி தாண்டினால் ஒன்றுமே தெரிவதில்லை. ஏன்?

கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் குளிர் கூடும். ஆக, ஓசூர் எப்படியும் இரண்டு, இரண்டரை டிகிரி கூடுதல் குளிர். காற்றிலுள்ள ஈரம் துளியாக மாற அந்த வித்தியாசமே போதும்.

இன்னொரு காரணம், இரவெல்லாம் நிலம் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும், பனி குறையும். மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல், நிலம் ஈரமாக இருந்தால் மறுநாள் காலை வெள்ளைதான். இரவு சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வரும்போது நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, முருங்கை இலை கூட ஆடாமல் இருந்தால் மறுநாள் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பத் தயாராகிவிடுங்கள். ரெண்டு நாள் தூறல் போட்டு வானம் வெளுத்த அன்று இரவு, இன்னும் நிச்சயம்.

கெலவரப்பள்ளி அணை, கே.ஆர்.பி. அணை, ஏரிக்கரைகள், ஓடைப் பாலங்கள், பள்ளமான வயல் ஓரம் இங்கெல்லாம் திட்டுத் திட்டாக நிற்கும். நூறு அடி தெளிவாக இருந்து, பாலத்தில் இறங்கியதும் சட்டென்று மூடிக்கொள்ளும். லாரிக்காரரும் அங்கே தடுமாறுவார் என்பதால் பாலத்தில் நிற்கவோ, போன் எடுக்கவோ வேண்டாம்.

எத்தனை மணிக்குத் தெளியும்? எந்த மாதம் வரை இருக்கும்?

சூரியன் உதிக்கிற நேரத்திலும் அதற்கு அடுத்த அரை மணியிலும்தான் மிகக் கெட்டி. எட்டு, எட்டரைக்கு மெல்லக் கலையும், சில நாள் ஒன்பதும் ஆகும். ஜனவரியில் இங்கே சூரிய உதயமே ஆறே முக்காலை ஒட்டித்தான், அதனால் ஆறு மணி ஷிப்டுக்காரருக்கு இருட்டும் பனியும் சேர்ந்தே வரும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு அதைவிட மோசம்: தூக்கக் கலக்கம், கெட்டியான பனி இரண்டும் ஒரே நேரத்தில்.

மாசி பாதி வரை தயாராக இருங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

சைக்கிளுக்கு என்ன லைட் போடலாம்?

முன் லைட்டைவிடப் பின் லைட் முக்கியம். கடையில் கேட்டால் எல்லாரும் பெரிய டார்ச்சை ஹேண்டில் பாரில் மாட்டிவிடுவார்கள். நமக்கு வழி தெரிவதற்கு அது உதவும், நம் உயிருக்கு உதவுவது பின்னால் மினுக்கும் சிவப்பு எல்.இ.டி. லைட். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் கிடைப்பதே போதும்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். சீட்டுக்குக் கீழே மாட்டிவிட்டு, கேரியரில் டிபன் பையையும் சாக்கையும் கட்டினால் லைட் எரிவது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கேரியரின் கடைசிக் கம்பியில் மாட்டுங்கள். முடிந்தால் முதுகுப் பையில் இரண்டாவதாக ஒன்று. ஒன்றின் பேட்டரி வழியில் தீர்ந்தாலும் இன்னொன்று இருக்கும்.

டைனமோ லைட் வைத்திருப்பவர்களுக்கு: நின்றால் அது அணைந்துவிடும். ரோட்டைக் கடக்கக் காத்து நிற்கும்போதுதான் வெளிச்சம் தேவை. அதனால் பேட்டரி லைட் ஒன்று கூடவே இருக்கட்டும்.

பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளைத்தான் இந்தப் பக்கம் பாதிப் பேர் வேலைக்கும் ஓட்டுகிறார்கள். அதன் பின் மட்கார்டில் உள்ள சிவப்பு ரிஃப்ளெக்டர் பெரும்பாலும் உடைந்தோ மண் படிந்தோ இருக்கும். புதிதாக இருந்தாலும், வெளியே நிறுத்திய சைக்கிளில் இரவு முழுக்கப் பனித்துளி கோத்திருக்கும். அந்தத் துளிகள் வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடித்துவிடும், ரிஃப்ளெக்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். கிளம்புமுன் சீட்டைத் துடைக்கிற அதே துணியால் அதையும் ஒரு துடை துடையுங்கள்.

மஞ்சள் லைட் பனியை ஊடுருவும் என்கிறார்களே?

அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. வெள்ளை, மஞ்சள் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். லைட் எந்த உயரத்தில் இருக்கிறது, எங்கே பார்க்கிறது என்பதுதான் விஷயம். தாழ்வாக மாட்டி, ரோட்டைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

என்ன நிறத்தில் சட்டை போடலாம்? கம்பெனி யூனிபார்ம் சாம்பல் நிறமாயிற்றே?

இருட்டில் வெள்ளை நல்லது என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். இருட்டுக்கு அது சரி. விடிந்த பிறகு நிற்கும் பனியில் வெள்ளைச் சட்டையும் சாம்பல் சட்டையும் பனியோடு பனியாகக் கரைந்துவிடும். அந்த நேரத்துக்கு ஆரஞ்சு, கிளிப்பச்சைதான் எடுபடும். ரோடு போடுகிறவர்கள் மாட்டும் சேஃப்டி ஜாக்கெட் ஒன்றை யூனிபார்முக்கு மேல் போட்டுக்கொண்டு, கேட் வந்ததும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ரேடியம் ஸ்டிக்கர் வண்டி வெளிச்சம் பட்டால்தான் மின்னும். அதை உடம்பில் எங்கே ஒட்டுவது என்று கேட்டால், கணுக்காலில் என்பேன். முதுகில் ஒட்டியது அசையாமல் இருப்பதால் ஏதோ கல் என்று நினைத்துவிடுவார்கள். மேலும் கீழும் போகிற இரண்டு மினுக்கலைப் பார்த்தால் கால் என்று உடனே புரியும். நடக்கிறவர்களுக்கும் பெடல் மிதிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். சைக்கிள் பெடலின் இரண்டு ஓரத்திலும் ஒட்டலாம், ஸ்டிக்கர் கடையில் வெட்டி வீணாகும் துண்டுகளே போதும்.

நடந்து போகிறேன். ரோட்டின் எந்தப் பக்கம் போக வேண்டும்?

நடைபாதை இல்லாத ரோட்டில் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. சைக்கிள் இடப்பக்கம். இதை மாற்றிச் செய்கிறவர்கள் அதிகம். பின்னாலிருந்து வருவதை நடக்கிறவரால் பார்க்க முடியாது, எதிரே வருவது தெரிந்தால் ஒரு எட்டு ஓரம் விலகலாம்.

கிருஷ்ணகிரி - ஓசூர் ஆறுவழிச் சாலையில் நடக்காதீர்கள், சர்வீஸ் ரோட்டில் போங்கள். கம்பெனி பஸ் எதிர்ப்பக்கம் நிற்கிறது என்று சென்டர் மீடியன் இடைவெளியில் புகுந்து ஓடுவதைப் பனிக்காலத்தில் மட்டுமாவது விடுங்கள். ஆறு வழியைக் கடக்கப் பத்து வினாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 80-இல் வருகிற லாரி அதற்குள் 220 மீட்டர் ஓடிவந்துவிடும், நமக்குத் தெரிவதோ ஐம்பது மீட்டர். அரை கிலோமீட்டர் சுற்றினாலும் சுரங்கப் பாதை வழியே போங்கள். குழுவாக நடக்கும்போது கடைசியில் வருகிறவர் கையில் டார்ச்சைக் கொடுங்கள், முன்னால் போகிறவரிடம் அல்ல.

ரெண்டு காதிலும் ஹெட்போன் வேண்டாம். கண் பாதி வேலை செய்யாத நேரத்தில் காதுதான் மீதியைப் பார்க்கிறது. மங்கி குல்லாவும் காதை அடைக்கும். ரோட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் அதைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

யானை?

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ராயக்கோட்டை, சூளகிரி ஆட்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

ராகி முற்றுகிற ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டங்கள் ஜவளகிரி வழியே இறங்கும். தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு காடுகளில் பிரிந்து தங்கி, இரவில் வயலுக்கு வந்து மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பும். அவை திரும்புகிற நேரமும் நாம் வேலைக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்றே. நடுவில் பனி.

யானைக்குக் கண்பார்வை மந்தம், மோப்பம்தான் பெரிது. பனி நிற்கிற காலையில் காற்று அசையாது, நம் வாடை அதற்கு முன்கூட்டியே போய்ச் சேராது. அதன் உருவமும் நமக்குத் தெரியாது. சாம்பல் நிற உடம்பு சாம்பல் நிறப் பனியில் இருபது அடியில் நின்றாலும் புதர் மாதிரிதான் இருக்கும். இரண்டு தரப்பும் ஒரே நொடியில் திடுக்கிடுவதுதான் ஆபத்து. கூட்டத்தைவிட ஒற்றை யானை மோசம்.

அதனால் முதல் வேலை, கிளம்புமுன் கேட்டுக்கொள்வது. கூட்டம் எந்தக் காட்டில் நிற்கிறது என்று வனத்துறையினர் ஊருக்கு எச்சரிக்கை விடுவார்கள், ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடும். சானமாவில் நிற்கிறது என்று தெரிந்தால், நேரம் கூடினாலும் காட்டு ரோட்டை விட்டு பஸ்ஸில் போங்கள். சம்பளத்தில் அரை நாள் போனாலும் பரவாயில்லை. இந்த ஒரு விஷயத்தில் தைரியம் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

வழியில் கவனிக்க வேண்டியவை: ரோட்டில் புது லத்தி, அதாவது யானைச் சாணம். குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பினால் யானை பக்கத்தில்தான் இருக்கிறது. ராகித் தட்டு இழுபட்டுக் கிடப்பது, மூங்கிலோ கிளையோ முறிகிற சத்தம், காது மடல் அடிக்கிற சத்தம், ஊர் நாய்கள் ஒரே திசையைப் பார்த்து விடாமல் குரைப்பது. இதில் எது இருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பெல் அடிக்காதீர்கள், முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், போனில் வீடியோ எடுக்க நிற்காதீர்கள். கிட்டத்தில் மாட்டிக்கொண்டால் சைக்கிளை விட்டுவிடுங்கள். மனிதனைவிட அது வேகமாக ஓடும், மேட்டில் சைக்கிளையும் முந்தும். வீடு, பெரிய பாறை, ஏதாவது ஒன்று குறுக்கே இருக்கும்படி ஒதுங்குவதுதான் வழி.

நாய் துரத்தினால்?

வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள்.

கை விரல் மரத்துப்போய் பிரேக்கே பிடிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

நடக்கிறவருக்கு 13 டிகிரி சாதாரணக் குளிர். சைக்கிளில் 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்காற்றே உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈரப் பனி சேர்ந்தால் இன்னும் அதிகம். முதலில் போவது விரல்நுனி. கம்பளிக் கையுறை பனியில் நனைந்து கனக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டால் காற்று நின்றுவிடும்.

உடம்புக்கும் அதே கணக்குதான், தடித்த ஸ்வெட்டரைவிடக் காற்றைத் தடுப்பது முக்கியம். ஸ்வெட்டருக்கு மேல் ரெயின் கோட் போடலாம். இல்லையென்றால் பழைய ஆட்கள் செய்கிற மாதிரி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செய்தித்தாளை மடித்து வையுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், செய்து பார்த்தவர்கள் விடுவதில்லை. மஃப்ளர், துப்பட்டா, சால்வை எதுவானாலும் நுனி தொங்கக் கூடாது, சக்கரத்தில் மாட்டினால் கழுத்தை இழுத்துவிடும். புடவை கட்டிச் சைக்கிளில் போகிறவர்கள் செயின் கவர் இல்லாமல் போகவே வேண்டாம்.

வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். ஒரு சொம்பு சூடான ராகிக் கூழ் உள்ளே போனால் மத்திகிரி தாண்டும்வரை குளிர் தெரியாது.

ரோடு வழுக்குமா?

வழுக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கிரானைட் குவாரி லாரிகள் போகிற ரோட்டில் உதிர்ந்த தூள் பனி ஈரத்தில் குழைந்து சேறாகியிருக்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் லாரியிலிருந்து விழுந்து நசுங்கிய தக்காளி. வேகத்தடையின் வெள்ளைப் பட்டை, பாலத்தின் இரும்புத் தகடு, பெட்ரோல் பங்க் வாசலில் எண்ணெய்ச் சொட்டு. இந்த இடங்களில் ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராக உருண்டு போங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் ஈரத் தண்டவாளத்தில் சறுக்கிவிடும்.

ரிம்மில் பிடிக்கிற பிரேக் என்றால் முதல் பிடி ஈரத்தைத் துடைக்கத்தான் போகும். அதனால் நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே லேசாக அழுத்தி விடுங்கள், அப்புறம் அழுத்திப் பிடியுங்கள். நடக்கிறவர்கள் அடித்தடம் தேய்ந்த ரப்பர் செருப்பைப் பனிக்காலத்தில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எனக்கு வீசிங் உண்டு. பனியில் சைக்கிள் மிதிக்கலாமா?

மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்ஹேலர் இருந்தால் பையின் அடியில் போடாமல் சட்டைப் பையில் வையுங்கள். மூக்கையும் வாயையும் பருத்தித் துணியால் மூடினால் உள்ளே போகும் காற்றில் குளிர் கொஞ்சம் குறையும். இந்தக் காலத்தில் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்பாது, குப்பை எரித்த புகையும் அங்கேயே தங்கும். போகி அன்று காலை மட்டும் வீசிங்காரர்கள் பஸ்ஸில் போய்விடுங்கள். டயரை எரிக்காதே என்று எத்தனை வருஷம் சொன்னாலும் எரிக்கத்தான் செய்கிறார்கள்.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால்?

108-க்குக் கூப்பிடுமுன் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். பனியில் முதல் விபத்தைவிட அதன்மேல் வந்து மோதுகிற இரண்டாவது வண்டி பயங்கரம். ஒருவர் ஐம்பது, நூறு மீட்டர் பின்னால் ஓரமாகப் போய் டார்ச்சையோ சிவப்பு லைட்டையோ ஆட்டட்டும்.

செலவுக்குப் பயந்து ஆளைத் தாமதப்படுத்த வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் அரசு செலவிலேயே கிடைக்கும். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்கு வேலைக்குப் போகிறவர்கள், அந்தப் பக்கம் கர்நாடகம் என்பதை நினைவில் வையுங்கள்.

பையன் ஜெர்மனியில் படிக்கிறான். அங்கே கொட்டுகிற பனியில் சைக்கிளில்தான் போகிறானாம். நிஜமா?

நிஜம்தான். ஃபின்லாந்தில் ஓவுலு என்று ஒரு நகரம், ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே. அங்கே மைனஸ் இருபதிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 2013-இல் அங்கேதான் நடந்தது. அவர்களுக்குத் தனி ரத்தம் ஒன்றும் ஓடவில்லை. சைக்கிள் பாதை தனியாக இருக்கிறது, ஆட்கள் கிளம்புவதற்குள் அதில் பனியைத் தள்ளி விடுகிறார்கள். பாதை ஒழுங்காக இருந்தால் குளிர் பெரிய தடையே இல்லை என்பதற்கு அந்த ஊர் சாட்சி. நம்ம ஊரில் சர்வீஸ் ரோட்டு விளக்கு எரிந்தாலே போதும் என்று இருக்கிறது!

பையனிடம் சொல்ல வேண்டியது இது. ஐஸ் இருக்கிற ஊரில் டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் கிடைக்கும். ஜெர்மனியில் காருக்கு அது பொதுவாகத் தடை, சாதாரணச் சைக்கிளுக்குப் போடலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழ வேண்டியதுதான். பாலத்தின் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஐஸ் முதலில் படியும், அடியிலும் குளிர்காற்று போவதுதான் காரணம். அங்கே திருப்பமும் கூடாது, முன் பிரேக்கும் கூடாது. சீட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் கால் ஊன்ற வசதி. பனியை உருக்க ரோட்டில் போடும் உப்பு செயினைத் தின்றுவிடும், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

நடக்கும்போது சின்னச் சின்ன எட்டாக, பாதம் முழுவதும் பதிய, உடம்பு பாரம் முன்காலின் மேல் இருக்கும்படி நடக்கச் சொல்லுங்கள். கை பாக்கெட்டில் இருந்தால் விழும்போது ஊன்ற முடியாது. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்து காயாமல் குளிரும். வீட்டு வாசல் நடைபாதையில் விழும் பனியைத் தள்ளுவது அங்கே வீட்டுக்காரர் பொறுப்பு, பல இடத்தில் ஒப்பந்தப்படி குடியிருப்பவர் தலையில் விழும். வாடகைப் பத்திரத்தைப் பையன் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

பனியில் நிறுத்திய சைக்கிள் துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைந்துவிடும், மார்கழிக் காலையில் செயின் லிங்க்கெல்லாம் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும், மண்ணும் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெயோ செயின் எண்ணெயோ போதும். வாரம் ஒருநாள் மாலை துணியால் செயினைத் துடைத்து, லிங்க்குக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கம் சுற்றிவிட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி திண்ணையில் ஏற்றி வைக்க இடம் இல்லையென்றால், சிமெண்ட் சாக்கு ஒன்றை சீட்டிலிருந்து செயின் வரை தொங்கும்படி போட்டு வைத்தாலே பாதித் துரு குறையும்.